மூன்று வருடமாகத் தண்ணீர் மாற்றவில்லை, ஒன்றும் ஆகவில்லையே?

கேள்வி, 2023 மார்ச் 4

வீட்டுக் கணினியில் லிக்விட் கூலிங் (குழாயில் திரவத்தை ஓடவிட்டுச் சூட்டை இறக்கும் அமைப்பு) வைத்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சூட்டை வாங்கித் திரவத்துக்குக் கொடுக்கும் தனித்தனி பிளாக், அந்தச் சூட்டை வெளியே விடும் இரண்டு ரேடியேட்டர், ஒரு பம்ப், கறுப்பு ரப்பர்க் குழாய். நிரப்பிய நாளிலிருந்து திரவத்தை மாற்றவே இல்லை. இரண்டு முறை கொஞ்சம் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கழற்றி அலச வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூலண்ட் (உள்ளே ஊற்றும் திரவம்) விற்பவர்கள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மூடிய வட்டத்துக்குள் ஓடும் தண்ணீர் எப்படிக் கெடும்? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 4, இரவு

மறுப்பு இருக்கிறது. மூடிய வட்டம் என்பது பேச்சுக்குத்தான். உள்ளே செம்பு, நிக்கல் பூச்சு, பித்தளை, ரப்பர், அக்ரிலிக் என்று ஒரு கூட்டமே குடியிருக்கிறது. தண்ணீர் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. அயனி நீக்கிய மிகச் சுத்தமான நீரின் மின்தடைத்திறன் 25 டிகிரியில் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர். பாட்டிலைத் திறந்து காற்றுப் பட்டதுமே கார்பன் டை ஆக்சைடு கரைந்து அது இறங்கத் தொடங்கிவிடும். சில வாரம் உலோகத்தின் மேல் ஓடினால் மின்சாரத்தைக் கடத்தவும் ஆரம்பித்துவிடும். “மின்சாரம் கடத்தாது” என்று லேபிளில் போட்டிருப்பது பாட்டிலுக்குள் இருக்கும் வரைதான் உண்மை.

இன்னொன்று, கூலண்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது. அது வேலை செய்யச் செய்யத் தீரும். தீர்ந்துபோனதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, திரவம் தெளிவாகவே இருக்கும்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை கழற்றுங்கள். பிளாக்கைத் திறந்து கழுவி, திரவம் நிரப்பும் தொட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதிதாக நிரப்புங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மார்ச் 5, காலை

நேற்று எழுதியதில் கடைசி வரி பொய். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நான் கடைசியாகக் கழற்றியது 2021 ஆகஸ்டில். பத்தொன்பது மாதம். ஊருக்குத்தான் உபதேசம்.

மார்ச் 5, மாலை

நோட்டை எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. அன்றைக்கு எழுதி வைத்திருந்த அளவுகள்: அறை 28, திரவம் 37, பிராசசர் 74. அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்து, ஃபேன் வேகத்தை மாறாமல் நிறுத்தி எடுத்தது. இன்று அதே சோதனையை ஓட்டினேன். அறை 28, திரவம் 38, பிராசசர் 85.

இந்த மூன்று எண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழித்துப் பார்க்க வேண்டும். திரவத்திலிருந்து அறையைக் கழித்தால் ரேடியேட்டரின் கதை. தூசி அடைத்தாலோ ஃபேன் தளர்ந்தாலோ அந்த இடைவெளி ஏறும். பிராசசரிலிருந்து திரவத்தைக் கழித்தால் பிளாக்கின் கதை. பிராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் பேஸ்ட், பிளாக்கை அழுத்தும் திருகு, பிளாக்குக்குள்ளே தண்ணீர் ஓடும் நுண்ணிய உலோகச் செதில்கள், இவற்றில் எது கெட்டாலும் அந்த இடைவெளிதான் விரியும். எனக்கு முதல் இடைவெளி 9-லிருந்து 10. இரண்டாவது 37-லிருந்து 47! ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு பிராசசர் பக்கம்தான்.

உங்களை மிரட்ட வந்தவன் என் பெட்டியைப் பார்த்து மிரண்டுகொண்டிருக்கிறேன். உங்களிடம் அளவு ஏதாவது இருக்கிறதா?

மார்ச் 5, இரவு

திரவத்தின் வெப்பத்தை எப்படி அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டிக்குள் எங்காவது மூடி போட்டு அடைத்த கால் அங்குல (G1/4) மரைத் துளை ஒன்று நிச்சயம் இருக்கும். அந்த மூடிக்குப் பதிலாகப் போடுவதற்கென்றே வெப்ப உணரி விற்கிறது. உள்ளே பத்து கிலோஓம் தெர்மிஸ்டர், வெளியே இரண்டு கம்பி. மதர்போர்டில் அதற்கான இரண்டு பின் இருந்தால் செருகிவிட்டால் போதும். ஃபேன் வேகத்தையும் பிராசசர் வெப்பத்தை வைத்து ஓட்டாமல் திரவத்தின் வெப்பத்தை வைத்து ஓட்டுங்கள். ஒரு உலாவிப் பக்கம் திறப்பதற்கெல்லாம் ஃபேன் ஊளையிடுவது அன்றைக்கே நின்றுவிடும்.

அரை மணி நேரம் ஏன் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4,180 ஜூல் வேண்டும். 400 வாட் முழுக்க உள்ளே போய், ஒரு சொட்டு வெப்பமும் வெளியேறாமல் இருந்தால்கூட டிகிரிக்குப் பத்து நொடி. ரேடியேட்டர் வேறு எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு “என்னுடையது 60 டிகிரிதான்” என்று பெருமைப்படுகிறவர்கள் அளப்பது ஏறிக்கொண்டிருக்கும் எண்ணை.

மார்ச் 6

ஒருவர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்: “அன்றைக்கு எத்தனை வாட், இன்றைக்கு எத்தனை வாட்?”

இடையில் ஒரு முறை பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்திருந்தேன். அது பிராசசருக்கான மின் வரம்பைச் சத்தமில்லாமல் ஏற்றி வைத்திருக்கிறது. நல்லவேளை, பழைய பக்கத்தின் ஓரத்தில் 180 வாட் என்று கிறுக்கியிருந்தேன். இன்று பார்த்தால் 200.

கணக்கை மறுபடியும் போட்டேன். அன்று 37 டிகிரிக்கு 180 வாட், வாட்டுக்கு 0.206. அதே நிலையில் இருந்திருந்தால் இன்று 200 வாட்டுக்கு 41 வந்திருக்க வேண்டும். வந்தது 47. ஆக, பத்து டிகிரியில் நாலு டிகிரி பயாஸின் வேலை. மீதி ஆறுதான் பிளாக்கின் வேலை.

நேற்று போட்ட ஆச்சரியக்குறியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆறு டிகிரியும் சும்மா விடக்கூடியது இல்லைதான்.

மார்ச் 7

பம்ப் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்று இரண்டு பேர் கேட்டதால் இது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினால், 200 வாட் வாங்கிக்கொண்ட தண்ணீர் உள்ளே போனதைவிட ஏறக்குறைய 3 டிகிரி சூடாக வெளியே வரும். நாலு லிட்டர் ஓடினால் முக்கால் டிகிரிகூட இல்லை. அதற்கு மேல் ஓட்டி என்ன கிடைக்கப்போகிறது, சத்தம்தான். எந்தப் பிளாக் முதலில், ரேடியேட்டர் நடுவிலா கடைசியிலா என்ற பழைய சண்டைக்கும் இதுவே பதில். குழாய் எந்த வழியில் அழகாக வளைகிறதோ அந்த வரிசையில் போடுங்கள்.

மார்ச் 11

முதலில் பேஸ்ட். பிளாக்கை மட்டும் தூக்கி, பழையதைத் துடைத்து, புதிது தடவி, திருகுகளை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி இறுக்கினேன். சோம்பேறிக்கு இதுதான் பிடித்த வேலை, தண்ணீரைத் தொட வேண்டாம்.

பலன் சுழியம். 47 அப்படியே நிற்கிறது.

மார்ச் 12, மதியம்

சரி, வடித்துவிட்டேன். வெளியே வந்த திரவம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். என்னடா ஒன்றும் இல்லையே என்று பிளாக்கைத் திறந்தால், செதில்களுக்கு நடுவே வெள்ளையும் பழுப்புமாக ஒரு பிசின். அந்த இடுக்குகள் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் மூன்றில் ஒரு பங்கு அடைந்து கிடந்தது. பாசி என்றுதான் முதலில் நினைத்தேன். பாசி என்றால் வழுக்கும், வாடை வரும். இது மெழுகு மாதிரி ஒட்டியது, வாடையே இல்லை.

என் குழாயிலிருந்து வந்திருக்கிறது. என்னுடையது கண்ணாடி போலத் தெளிந்த மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக். அந்தக் குழாய் மிருதுவாக இருப்பதற்குக் காரணமே அதில் கலக்கும் நெகிழ்வூட்டி. சூடான கூலண்ட் அதை வருடக்கணக்கில் கழுவிக் கழுவி எடுக்கிறது. குழாய் விறைத்துப் பால் நிறமாகிறது, கழன்று வந்ததெல்லாம் வட்டத்திலேயே மிகக் குறுகலான இடத்தில் போய்ப் படிகிறது. மிகக் குறுகலான இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. பிராசசருக்கு நேர் மேலே.

உங்களுடையது கறுப்பு ரப்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். இ.பி.டி.எம். என்ற வகை ரப்பராக இருந்தால் அதில் இந்தச் சங்கதி பெரும்பாலும் கிடையாது. முதல் நாள் உங்களிடம் பேசும்போது இந்த வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

கழுவிய முறை: வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மிருதுவான பல்துலக்கி. செதிலின் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் வளைந்துவிடும். கடைசியில் வடிநீரில் (காய்ச்சி வடித்த சுத்தமான நீர்) பல முறை அலசல். வினிகர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெறும் செம்பாக இருந்தால் நீர்த்த வினிகர் கறையை எடுக்கும், என் பிளாக்கில் இருப்பது நிக்கல் பூச்சு. பூச்சு உரிந்தால் திரும்ப வராது.

மார்ச் 12, நள்ளிரவு

எல்லாம் மாட்டியாயிற்று. புதுத் திரவம், காற்று வெளியேற்றியாயிற்று, சோதனை ஓட்டியாயிற்று.

இடைவெளி 50.

கழுவுவதற்கு முன்னால் 47. தூங்கப் போகிறேன்.

மார்ச் 13

காலையில் பிளாக்கைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உள்ளே போகும் துளையிலும் வெளியே வரும் துளையிலும் குழாயை மாற்றி மாட்டியிருக்கிறேன். இந்த வகைப் பிளாக்கில் தண்ணீர் ஒரு பிளவு வழியாகச் செதில்களின் நடுவில் பீய்ச்சி இரு பக்கமும் பிரிந்து போக வேண்டும். என்னுடையதில் ஓரங்களில் நுழைந்து நடுவில் கிளம்பிக்கொண்டிருந்தது. எந்தத் துளை உள்ளே, எந்தத் துளை வெளியே என்று கையேட்டில் படமே போட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும் என்ற நினைப்பு. கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்திருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

மறுபடி வடித்து, மாற்றி மாட்டி, நிரப்பினேன். இப்போது 41. வாட்டுக்கு 0.205. 2021-ல் இருந்த அதே இடம்.

மார்ச் 19

மார்ச் 4-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். தொட்டியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்ன வரி.

போன வாரம் என் அக்ரிலிக் தொட்டியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போட்டுப் பளபளவென்று துடைத்தேன். இன்று வெளிச்சத்தில் பார்த்தால் மரைத் துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நுண்விரிசல்கள். அக்ரிலிக்கைக் கடையும்போதும் மரை போடும்போதும் உள்ளுக்குள் ஒரு இழுவிசை தங்கிவிடும். ஃபிட்டிங்கை (குழாயைத் துளையோடு இணைக்கும் திருகு மூட்டு) இறுக்கினால் அது இன்னும் கூடும். அந்த இடத்தில் ஆல்கஹால் பட்டால் போதும். இன்னும் ஒழுகவில்லை, ஆனால் ஒழுகாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புதுத் தொட்டி சொல்லியாயிற்று.

அக்ரிலிக்குக்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும் போதும். ஆல்கஹாலைச் செம்புத் தகட்டில் பேஸ்ட் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபிட்டிங் இறுக்குவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரை அடைத்து வைப்பது மரை இல்லை, அடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். கையால் இறுகிய பிறகு ஸ்பேனர் எடுப்பது நம் மனநிம்மதிக்காக, ஓ-ரிங்குக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

மார்ச் 20

இந்த உரையாடல் இழை வேறு பக்கம் போகிறது, போகட்டும். ஆல்-இன்-ஒன் (தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி வரும் குளிர்விப்பான்) வைத்திருப்பவர்கள் மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.

அதில் நிரப்பும் துளை பெரும்பாலும் இருக்காது, திறந்தால் உத்தரவாதமும் போய்விடும். ஆனால் நீங்கள் திறக்காவிட்டாலும் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ரப்பர்க் குழாயின் சுவர் வழியாக மெல்ல மெல்ல ஆவியாகக் கசியும். அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எப்போதும் வட்டத்தின் உச்சியில் போய் உட்காரும். அதனால் உச்சி என்பது ரேடியேட்டராக இருக்க வேண்டும், பம்பாக இருக்கக்கூடாது. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்னில் பம்ப் பிராசசரின் தலையிலேயே இருக்கிறது, ஆகவே ரேடியேட்டரைப் பெட்டியின் மேல்கூரையில் மாட்டுவது உத்தமம். முன்பக்கம் மாட்டினால் அதன் மேல் முனை பம்பைவிட உயரமாக இருக்கும்படி பாருங்கள். ரேடியேட்டரைத் தரையோடு கிடத்தி, பம்ப் மேலே இருக்கும்படி மாட்டியிருந்தால் பம்பிலிருந்து வரும் கலகலச் சத்தத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பம்பின் தாங்கிக்கு (பேரிங்) எண்ணெய், தண்ணீர் எல்லாமே அந்தத் திரவம்தான். காற்றில் சுற்றினால் தேயும்.

தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் அது மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடும், தாங்கியும் கெடலாம்.

மார்ச் 22

“கார் கூலண்ட் ஊற்றலாமா?” ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாதிக்குப் பாதி கிளைக்கால் (நீர் உறைவதைத் தடுக்கும் ரசாயனம்) கலந்த அது உறைபனியையும் நூறு டிகிரியையும் பார்க்க வேண்டிய எஞ்சினுக்கானது. 40 டிகிரியைத் தாண்டாத பெட்டிக்கு எதற்கு? கிளைக்கால் கூடக் கூடத் திரவம் தடிக்கும், வெப்பம் ஏந்தும் திறனும் குறையும். ரொம்ப நீர்த்து ஊற்றினால் வேறு வம்பு. அடர்த்தி போதுமான அளவு இருந்தால் கிளைக்கால் கிருமியை வளரவிடாது, கொஞ்சூண்டு இருந்தால் கிருமிக்கு அதுவே தீனி. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் விஷம் என்பதையும் மறக்க வேண்டாம். வடித்த வாளியைக் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டும்படி வைக்காதீர்கள்.

அலுமினியம் பற்றிக் கேட்டவருக்கு: செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால் உங்கள் குளிர்விப்பான் ஒரு பேட்டரி. உலோகங்களின் மின்முனை அழுத்த அட்டவணையில் செம்பு நேர் 0.34 வோல்ட், அலுமினியம் எதிர் 1.66. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கியதும் அலுமினியம் தன்னையே கரைத்துக் கொடுக்கும். ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மைதான். அங்கே தடுப்பு மருந்தை நம்பி மூடி முத்திரை வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்து வெறும் வடிநீர் ஊற்றுகிறவருக்கு என் அனுதாபங்கள்.

அப்புறம் கிருமிக்குச் செம்பு சல்பேட் சொட்டு விடுகிறவர்கள், அலுமினியம் இருக்கும் வட்டத்தில் விடாதீர்கள். செம்பு போய் அலுமினியத்தின் மேல் படியும், அதே கதை இன்னும் வேகமாக நடக்கும்.

மார்ச் 23

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. பெட்டிக்குள் குழாய் வியர்த்து மதர்போர்டில் சொட்டும் என்று ஒருவர் பயப்படுகிறார். வியர்க்க வேண்டுமானால் குழாய் அறையைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். ரேடியேட்டரும் ஃபேனும் திரவத்தை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகவே முடியாது. ஐஸ் போடுகிறவர்கள், குளிரூட்டும் இயந்திரத்தோடு இணைப்பவர்கள் மட்டும் பயப்படட்டும்.

மார்ச் 26

இழையைத் தொடங்கியவரின் செய்தியைக் காலையிலிருந்து நாலைந்து முறை படித்துவிட்டேன். என் பேச்சைக் கேட்டு அவர் நேற்று எல்லாவற்றையும் வடித்திருக்கிறார். மூன்று வருடத் திரவம், தெளிவாக, கொஞ்சம் மஞ்சளாக மட்டும் இருந்திருக்கிறது. பிளாக்கைத் திறந்தால் செதில்கள் சுத்தம், ஓரத்தில் லேசான கறுப்பு, அவ்வளவுதான். மூடி, மாட்டி, நிரப்பி, பம்பை ஓடவிட்டால் கிராபிக்ஸ் கார்டின் மேல் ஃபிட்டிங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகல்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆறுதல், பவர் சப்ளையிலிருந்து பம்புக்கு மட்டும் கேபிள் விட்டு, மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். 24 பின் கனெக்டரில் பதினாறாவது பின்னையும் பதினேழாவது பின்னையும் இணைத்தால் மதர்போர்டு இல்லாமலேயே பவர் சப்ளை விழித்துக்கொள்ளும். முன்பெல்லாம் பச்சைக் கம்பி, கறுப்புக் கம்பி என்று சொல்லிவிடலாம். இப்போது எல்லாக் கம்பியும் கறுப்பு, அதனால் அதற்கென்று விற்கும் சின்ன இணைப்பானை வாங்கிக்கொள்வதே மேல். மின்சாரம் ஏறாத கார்டின் மேல் விழுந்த தண்ணீர் வெறும் ஈரம்தான். கழற்றுங்கள், வடிநீரில் அந்த இடத்தைக் கழுவுங்கள். கழுவாமல் காயவைத்தால் கூலண்டில் இருப்பதெல்லாம் உப்புப் போலத் தங்கிவிடும். இரண்டு நாள் காயட்டும். அவசரப்பட்டு ஹீட் கன் எடுக்காதீர்கள்.

மார்ச் 26, இரவு

ஏன் ஒழுகியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருடம் ஒரே அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் தட்டையாகிப் போய், அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். தொடாமல் இருந்தவரை அதே பள்ளத்தில் அதே வடிவத்தில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றி மறுபடி மாட்டும்போது வேறு கோணத்தில் உட்கார்கிறது, திரும்ப உப்பிக்கொள்ளும் சக்தி இல்லை. அவரிடம் கழற்றி நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். “தட்டையான வளையல் மாதிரி இருக்கிறது” என்கிறார்.

நான் என்னுடையதைக் கழற்றியபோதும் ஓ-ரிங் மாற்றவில்லை. பத்தொன்பது மாதம்தான் ஆகியிருந்தது, தப்பித்தேன். அவருக்கு அதைச் சொல்ல எனக்குத் தோன்றவும் இல்லை. கழற்றினால் ஓ-ரிங்கை மாற்று என்பதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 28

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் காற்றை வைத்துச் சோதியுங்கள். மானியோடு கூடிய கைப் பம்பு கிடைக்கிறது. அரை பார் அழுத்தம் ஏற்றிவிட்டு அரை மணி நேரம் முள் அசையாமல் நின்றால் நிரப்பலாம். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், தொட்டி தாங்காது.

இதிலும் எனக்கு ஒரு அனுபவம். ஒரு முறை இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் முள் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. எல்லா ஃபிட்டிங்கையும் கழற்றி மாட்டினேன். மறுநாளும் அதே இறக்கம். அப்புறம்தான் உறைத்தது, இரவில் அறை ஐந்து டிகிரி குளிர்ந்திருக்கிறது. வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்தால் உள்ளே மொத்த அழுத்தம் ஒன்றரை பார், வெப்பம் 300 கெல்வினில் ஐந்து குறைந்தால் 0.025 பார் தானாகவே இறங்கும். ஒழுகல் எங்கேயும் இல்லை. அதனால்தான் அரை மணி நேரம் என்றேன், இரவு முழுக்க வேண்டாம்.

ஏப்ரல் 2

அவருடைய கணினி ஓடுகிறது. கார்டும் பிழைத்துவிட்டது. புது ஓ-ரிங் பன்னிரண்டு, காற்றுச் சோதனையில் முள் அசையவில்லை.

எண்கள் வந்திருக்கின்றன. கழற்றுவதற்கு முன் பிராசசருக்கும் திரவத்துக்கும் இடைவெளி 39. இப்போது, அதே வாட்டில், 38.

ஒரு டிகிரி. அதுவும் புதுப் பேஸ்டால் வந்ததாக இருக்கலாம்.

“அப்படியானால் மூன்று வருடம் மாற்றாமல் இருந்தது சரிதானே?” என்று கேட்டிருக்கிறார். உங்கள் குழாய்க்கு, உங்கள் உலோகங்களுக்கு, சரிதான். செதிலைப் பொறுத்தவரை நீங்கள் ஜெயித்தீர்கள். அரிப்புத் தடுப்பு மருந்து எவ்வளவு மிச்சமிருந்தது என்பது அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் தெரியாது, அந்த ஒரு காரணத்துக்காக மூன்றாவது வருடத்தில் மாற்றியதை வீண் என்று சொல்ல மாட்டேன். ஓ-ரிங்கோடு சேர்த்து மாற்றியிருந்தால் இன்னும் தைரியமாகச் சொல்லியிருப்பேன். என் பி.வி.சி. குழாய்க்கு வருடம் ஒரு முறை என்பதே தாராளம். பால் மாதிரி, முத்து மாதிரி மினுங்கும் கூலண்ட் ஊற்றுகிறவர்கள் அதற்கும் முன்னால் கழற்ற வேண்டியிருக்கும். அந்த மினுமினுப்பு கரைந்த நிறம் இல்லை, மிதக்கும் துகள். பம்ப் நிற்கும் நேரமெல்லாம் அது எங்காவது படிந்துகொண்டிருக்கும்.

ஏப்ரல் 9

புதுத் தொட்டி வந்தது. எப்படியும் வடிக்கப் போகிறேனே என்று குழாயையும் கறுப்பு இ.பி.டி.எம்.முக்கு மாற்றிவிட்டேன். ஓ-ரிங் அத்தனையும் புதிது. காற்றுச் சோதனை அரை மணி. போட்டோ எடுத்தேன், நாற்பத்திரண்டு. உள்ளே போகும் துளைக்குப் பக்கத்தில் மார்க்கரால் அம்புக்குறியும் போட்டாயிற்று.

பெட்டியின் அழகு பாதி போய்விட்டது. முன்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழாயில் குமிழி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஆசை எனக்கு மட்டும் இல்லை. 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரை ஃபுளோரினர்ட் என்ற திரவத்தில் முழுக்கியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற கோபுரத்தில் அந்தத் திரவம் அருவியாக விழுவதை வெளியிலிருந்து பார்க்கலாம். “பபிள்ஸ்” என்று செல்லப்பெயரே வைத்திருந்தார்கள். எனக்கு இப்போது தொட்டியில் ஒரு சாண் அளவுக்குத்தான் காட்சி.

ஏப்ரல் 9, இரவு

அறை 29, திரவம் 39, பிராசசர் 80, 200 வாட். பயாஸ் எண்ணையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டேன். நோட்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.